காலிப்பர் பரண் மேல இருந்துச்சு: ஒரு நிகழ்வு ஆய்வு

இத எழுதலாமா வேண்டாமான்னு ரொம்ப நாள் யோசிச்சுட்டு இதுல வர்ற அக்காகிட்டயே கேட்டேன். "எழுது பிள்ளே, ஆனா எனக்க பேரும் ஊரும் வராம எழுது"ன்னு சொன்னாங்க. அதனால பேரு இல்ல, ஊரு இல்ல, வீட்டு விவரமும் கொஞ்சம் மாத்தியிருக்கேன். எழுதி முடிச்சப்புறம் முழுசா வாசிச்சுக் காட்டினேன், ரெண்டு எடத்த வெட்டச் சொன்னாங்க, வெட்டிட்டேன். என்ன மாதிரி குமரி மாவட்டத்துல மாற்றுத்திறனாளிங்க வீடுகளுக்குப் போயி மனநல வேல பாக்குறவங்க, கவுன்சிலிங் படிக்கிற பிள்ளைங்க, ஊர் நர்சம்மாமாரு, இவங்கள மனசுல வச்சுத்தான் எழுதுறேன்.

ஆளு யாரு

அக்காவுக்கு 41 வயசு, கல்யாணம் ஆகல, குளச்சல் பக்கம் ஒரு கடற்கரை ஊரு. கைக்குழந்தையா இருக்கப்பவே போலியோ வந்து ரெண்டு காலும் பலம் கொறஞ்சு போச்சு, வலது காலு ரொம்ப மோசம். வலது காலுக்கு தொட வரைக்கும் வர்ற நீளக் காலிப்பர் (பலமில்லாத காலத் தாங்குறதுக்கு பட்டை போட்டு மாட்டுற கருவி), ஒரு ஊன்றுகோல், சைடு வீல் வச்ச ஸ்கூட்டர் ஒண்ணு, இதுதான் அவங்க நடமாட்டம். வலை கட்டுற வேலைக்குப் போவாங்க, கை அவ்ளோ வேகம். சுனாமிக்கப்புறம் கெடச்ச வீட்டுல தம்பி, தம்பி பொண்டாட்டி, அவங்க ரெண்டு பிள்ளைங்களோட இருக்காங்க. தம்பி போட்டுல கடலுக்குப் போறவரு.

2024 மே மொத வாரம். கள்ளக்கடல் எச்சரிக்கை வந்த நாளு. தெக்க ரொம்ப தூரத்துல பெருங்கடல்ல அடிக்கிற பலத்த காத்துல உருவாகுற அலை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வந்து, இங்க காத்தும் இல்லாம மழையும் இல்லாம வெயில் அடிச்சிட்டு இருக்கப்பவே கரை ஏறி அடிக்கும், திருடன் மாதிரி சொல்லாம வர்றதால அந்தப் பேரு. அந்த மே 6-ஆம் தேதிதான் கணபதிபுரம் பக்கம் லெமூர் பீச்சுல மருத்துவம் படிச்ச 5 பிள்ளைங்க அலையில போனாங்க. மாவட்டம் முழுக்க அதே பேச்சு, எல்லார் போன்லயும் அதே வீடியோ.

அந்த வாரத்துக்கப்புறம் அக்கா வேலைக்கு வரல. வலை கட்டுற எடத்துல கூட வேல பாக்குற ஒரு அம்மா போயி பாத்துட்டு, "ராத்திரி முழுக்க காலிப்பர மாட்டிட்டு நாற்காலியிலயே இருக்கா, ஒறக்கமே இல்ல, அடுத்த தடவ கடலு வந்தா நான் எழும்ப மாட்டேன்னு சொல்லுதா"ன்னு எங்ககிட்ட வந்து சொன்னாங்க. அந்தக் கடைசி வரிதான் என்ன அன்னைக்கே கெளப்பிச்சு.

மொத நாளு நான் பண்ணின ரெண்டு தப்பு

நான் போறப்ப அக்கா அடுக்களைச் செவுத்துல சாஞ்சு தரையில இருந்தாங்க. டிவி ஓடுது, தம்பி பொண்டாட்டி அடுப்புப் பக்கம் நிக்குறாங்க. என்ன கேட்டாலும் "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல"தான் பதில். வெளிய போயி உக்காந்து பேசலாமா எக்கான்னு கேட்டேன், அவங்க என்னப் பாக்கல, மேல பாத்தாங்க. நானும் பாத்தேன். பரண் ஓரத்துல காலிப்பர் கெடக்கு, அதோட பூட்ஸ் மட்டும் விளிம்புல தொங்குது. முழங்கைய அப்பத்தான் கவனிச்சேன், ரெண்டுலயும் தோலு உரிஞ்சிருந்துச்சு. எழைஞ்சு எழைஞ்சு பாத்ரூம் போயிருக்காங்க.

ஸ்டூல இழுத்துப் போட்டு ஏறி காலிப்பர எடுத்துட்டேன். அது மொத தப்பு. எடுத்தது தப்பில்ல, கேக்காம எடுத்ததுதான் தப்பு. நான் சாயங்காலம் வீட்டுக்கு வந்துட்டேன், ராத்திரி தம்பி வந்து யாரு எடுத்துக் குடுத்தான்னு கேட்டு பொண்டாட்டிய அடிச்சிருக்காரு. ரெண்டு நாள் கழிச்சு அந்தப் பிள்ளையோட கன்னத்தப் பாத்தப்பதான் எனக்குத் தெரிஞ்சுது. நாம உள்ள போயி எதையாவது மாத்தி வச்சுட்டு நம்ம பஸ்ஸ புடிச்சுப் போயிருவோம், அதோட வெல அந்த வீட்டுல ராத்திரி தங்குறவங்க மேல விழும். இப்பல்லாம் நான் எதுலயும் கை வைக்கிறதுக்கு முன்னாடி ஒரே கேள்விதான் கேக்குறேன், நான் இத செஞ்சா ராத்திரி இங்க என்ன நடக்கும்?

ரெண்டாவது தப்பு அதவிடப் பெருசு. தரையிலேர்ந்து நாற்காலிக்கு மாத்தலாம்னு அவங்க பின்னாடி போயி ரெண்டு கக்கத்துலயும் கை குடுத்துத் தூக்கினேன். அலறினாங்க பாருங்க, அப்பிடி ஒரு அலறல நான் கேட்டதில்ல. கண்ணு எங்கயோ போயிருச்சு, மூச்சு வாங்குது, கை ரெண்டும் காத்துல எதையோ புடிக்கத் தேடுது. நான் விட்டுட்டு முன்னாடி வந்து ரெண்டு மொழம் தள்ளி தரையில உக்காந்தேன், டிவிய நிறுத்தச் சொன்னேன். "எக்கா, நான் இன்னாரு, இன்னைக்கு வியாழக்கெழம, நாம உங்க அடுக்களையில இருக்கோம், நான் இனி தொட மாட்டேன்." இதையே பைய பைய திரும்பத் திரும்பச் சொன்னேன். பத்து நிமிஷம் ஆச்சு திரும்பி வர. தண்ணி கேட்டாங்க. அப்புறம் சொன்ன மொத வாக்கு, "பொறத்தால வந்து புடிக்காத பிள்ளே."

உலக சுகாதார நிறுவனம் 2011-ல போட்ட உளவியல் முதலுதவிக் கையேடு மூணு வார்த்தையில நிக்கும், பாரு, கேளு, சேத்து விடு. நான் பாக்கவும் இல்ல, கேக்கவும் இல்ல, நேரா தூக்கப் போயிட்டேன். நடக்க முடியாத ஒருத்தரப் பாத்தா நம்ம கை தானா நீளுது, அத நாம உதவின்னு நெனைக்கிறோம். ஏன் பொறத்தால புடிக்கக் கூடாதுன்னு நான் அன்னைக்குக் கேக்கல, அந்த ஒண்ணாவது சரியா பண்ணினேன். நெருக்கடில இருக்க ஆள உக்கார வச்சு நடந்ததெல்லாம் சொல்லு, சொன்னா பாரம் எறங்கும்னு கிளறுறது இப்ப யாரும் பரிந்துரைக்கிறது இல்ல, சில பேருக்கு அது இன்னும் மோசமாக்கும்.

மொத வாரம்: பேச்சு இல்ல, ஒடம்பு

இது கவுன்சிலிங் பண்றவங்களுக்கு ஆச்சரியமா இருக்கலாம், மொத வாரம் முக்காவாசி நாங்க பாத்தது ஒடம்பத்தான். ராத்திரி காலிப்பரோடயே இருந்ததால தொடையில பட்டை அழுத்துற எடத்துல புண்ணு. பரண் மேல காலிப்பர் போயிருச்சுன்னா பாத்ரூம் போக எழையணும், அதுக்குப் பயந்து சாயங்காலத்துக்கு மேல தண்ணியே குடிக்க மாட்டாங்க, அதுல மூத்திரத்துல கிருமி. அதுபோக ஒரு வருஷமா இடது காலும் தோளும் சோர்ந்து போகுதுன்னு சொல்லிட்டு இருந்திருக்காங்க, பாத்தவங்கெல்லாம் அத மனச்சோர்வுன்னு எழுதியிருக்காங்க. போலியோ வந்தவங்களுக்கு 15 வருஷம் 40 வருஷம் கழிச்சு நல்லா இருந்த தசையிலயும் புதுசா பலவீனம், அசதி, குளிர் தாங்காம போறதுன்னு வர்றது தெரிஞ்ச விஷயம், போஸ்ட் போலியோன்னு சொல்லுவாங்க. மனசு சோர்வும் இருந்துச்சு, இதுவும் இருந்துச்சு. இந்தியாவுல கடைசி போலியோ கேஸ் 2011 ஜனவரி, அதனால இளம் டாக்டருங்க நெறைய பேரு போலியோ காலையே பாத்திருக்க மாட்டாங்க. ஆனா போலியோவோட வளந்தவங்க நம்ம ஊருல இப்ப 40, 50 வயசுல இருக்காங்க.

ஏற்கனவே ஒரு எடத்துல ஒறக்க மாத்திரை எழுதிக் குடுத்திருந்தாங்க. அக்கா ஒண்ணும் சாப்பிடல, எல்லாத்தையும் சேத்து ஒரு டப்பால வச்சிருந்தாங்க. ஏன் சாப்பிடலன்னு கேட்டா, "நான் ஒறங்கிட்டா கடலு வர்றது கேக்காதே." அவங்க சொன்னது வைத்தியப்படியும் சரிதான், அதிர்ச்சிக்கப்புறம் வர்ற தொந்தரவுக்கு அந்த வகை மாத்திரைய மொத மருந்தா குடுக்க வேண்டாம்னுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்லுது. ஆனா சேத்து வச்ச டப்பா என்ன வேற மாதிரி பயமுறுத்துச்சு.

அதனால நேரா கேட்டேன். "செத்துப் போணும்னு தோணுதா எக்கா?" புதுசா வர்றவங்க இந்தக் கேள்விக்குத் தயங்குவாங்க, கேட்டா அந்த நெனப்ப நாமளே குடுத்த மாதிரி ஆயிருமோன்னு. ஆகாது. கேட்ட ஒடனே அவங்க தோளு எறங்கினத நான் கண்ணால பாத்தேன். ஆமான்னாங்க. எப்ப, எப்பிடின்னும் சொன்னாங்க, அதெல்லாம் இங்க வேண்டாம். "இத சொன்னா போலீஸ் கேஸ் ஆவுமா?"ன்னு ஒரு பயம் அவங்களுக்கு. நெனப்பு இருக்குன்னு சொல்றது எப்பவும் குத்தம் இல்ல, முயற்சி பண்ணினவங்களையே கடுமையான மன அழுத்தத்துல இருந்தவங்களாத்தான் எடுத்துக்கணும், தண்டிக்கக் கூடாது, அரசு அவங்களுக்கு சிகிச்சை குடுக்கணும்னு 2017 மனநலச் சட்டம் 115-ஆவது பிரிவு சொல்லுதுன்னு வெளக்கினேன். அதுக்கப்புறம்தான் ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ்ல மனநல ஓபிக்கு வர சம்மதிச்சாங்க.

நாலாவது தடவ அவங்களே சொன்னது

வலை கட்டுற செட்டுல மதியம் எல்லாரும் சாப்பிடப் போன நேரம். கை வேல நிக்கல, கண்ணி மேல கண்ணி போட்டுட்டே சொன்னாங்க. 2004 டிசம்பர் 26, ஞாயித்துக்கெழம, கிறிஸ்மஸ் முடிஞ்ச மறுநாளு. அவங்களுக்கு 21 வயசு. கடலு உள்ள வாங்குதுன்னு வெளிய கூச்சல், பொறவு கடலு வருதுன்னு கூச்சல். நீளக் காலிப்பர் மாட்ட நேரம் ஆகும், பூட்ஸ் போடணும், தொடப் பட்டை, முட்டிப் பட்டை, பொறவு முட்டி லாக்கு. அம்மா முன்னாடி முட்டி போட்டு மாட்டிட்டு இருந்தாங்க. பாதி மாட்டியாச்சு. அப்ப பொறத்தால ஒரு பையன் ஓடி வந்து கக்கத்துல கை குடுத்து இவங்களத் தூக்கி தோள்ல போட்டுட்டு ஓடினான், பாதி மாட்டின காலிப்பர் கழண்டு அம்மா கையிலயே நின்னு போச்சு. தோள்ல கெடந்தவங்களுக்கு முகம் வீட்டப் பாத்துதான் இருந்துச்சு. "அம்மா அந்தக் காலிப்பர கையில வச்சுட்டு என்னப் பாத்தா பிள்ளே. அவளுக்கு ரெண்டு காலும் நல்லாத்தான் இருந்துச்சு, ஓடியிருக்கலாம்."

அந்த ஊருங்கள பாத்தவங்களுக்குத் தெரியும், முன்னால கடலு, பொறத்தால ஏவிஎம் சானல்ங்கிற பழைய கால்வாய், நடுவுல நெருக்கி வச்ச வீடுங்க. ஓடுறவங்களும் சானலத் தாண்டித்தான் ஓடணும்.

அம்மாவத் தேடிக் கண்டுபிடிச்சது தம்பிதான், அப்ப அவருக்கு 17 வயசு. அதுலேர்ந்து குடிச்சா ஒரே வார்த்தை, "உன்னாலதான் அம்மா போனா." இருபது வருஷமா. சண்ட வந்தா காலிப்பரத் தூக்கிப் பரண்ல போடுறதும் அவருதான், பென்சன் ஏடிஎம் கார்டும் அவருகிட்ட. அந்தக் காலிப்பர் இந்தப் பொம்பளைக்கு என்னன்னு அந்த வீட்டுல அவர விட நல்லா தெரிஞ்சவங்க யாரும் இல்ல. பதினேழு வயசுல தாயோட ஒடம்ப எடுத்தவரோட வேதனை எனக்குப் புரியுது, அவருக்கும் யாராவது அன்னைக்கே பக்கத்துல இருந்திருக்கணும். அதுக்காக அவரு பண்றது கொடுமை இல்லன்னு ஆயிராது. கேஸ் எழுதுறப்ப இந்த ரெண்டுல ஒண்ண விட்டுட்டு எழுதாதீங்க.

பாதுகாப்புத் திட்டம், அத எப்பிடி திருப்பிப் போட்டோம்

தற்கொலை நெனப்பு இருக்கவங்களுக்காக பார்பரா ஸ்டான்லி, கிரிகோரி பிரவுன்னு அமெரிக்காவுல ரெண்டு பேரு ஒழுங்குபடுத்தின ஒரு முறை இருக்கு, 6 படி. எச்சரிக்கை அறிகுறி என்ன, நானே என்ன செஞ்சு தணிச்சுக்குவேன், மனச திருப்ப எங்க போவேன் யார பாப்பேன், யாருகிட்ட உதவி கேப்பேன், எந்த மருத்துவர எந்த எண்ண கூப்பிடுவேன், சுத்தி இருக்க ஆபத்த எப்பிடி கொறைப்பேன். முன்னாள் ராணுவத்தினர்கிட்ட பண்ணி 2018-ல வந்த ஒரு ஆய்வுல, ஆஸ்பத்திரி எமர்ஜென்சில இந்தத் திட்டம் எழுதி, அப்புறம் போன்லயும் தொடர்ந்து விசாரிச்சவங்களுக்கு 6 மாசத்துல தற்கொலை நடத்தை 45 சதவீதம் போல கொறவா இருந்துச்சு. நல்ல முறைதான். ஆனா அந்தக் காகிதத்த அப்பிடியே கொண்டு போயி அக்கா முன்னாடி வச்சப்ப ஒவ்வொரு வரியா ஒடஞ்சுது.

நானே தணிச்சுக்கிறதுன்னா கொஞ்சம் நடந்துட்டு வாங்கன்னு நாம சொல்லுவோம். அங்க அது எப்பிடி? காதுல விழுற மூணு சத்தத்த சொல்லுங்கன்னு பதட்டத்துக்கு ஒரு பயிற்சி குடுப்போம். மூணு சத்தமும் கடலுதான், அந்தப் பயிற்சி அவங்கள அடுக்களையிலேர்ந்து நேரா 2004-க்குக் கொண்டு போயிரும். பாதம் தரையில படுறத கவனிங்கன்னு சொல்ல எனக்குக் கூச்சமா இருந்துச்சு, அந்தக் காலுக்கு உணர்ச்சி இருக்காதுன்னு நெனச்சேன். அக்கா சிரிச்சாங்க, "காலு மரத்தா போச்சு? பலந்தான் இல்ல, தொட்டா கிள்ளினா எல்லாம் தெரியும்." போலியோ அசைவு நரம்பத்தான் தாக்கும், தொடு உணர்ச்சி அப்பிடியே இருக்கும், இது எனக்குத் தெரிஞ்சிருக்கணும். கடைசில அவங்களே கண்டுபிடிச்சது வலை. நூலும் ஊசியும் ஒரு முழம் வலையும் கட்டிலுக்கடியில, பதட்டம் வந்தா 40 கண்ணி எண்ணிப் போடணும். அப்புறம் சுக்கு ஒரு துண்டு, மோந்தா மூக்குல ஏறி இந்த நிமிஷத்துக்குக் கொண்டு வரும்.

எச்சரிக்கை அறிகுறிய நான் கேட்டா வராது, தம்பி பொண்டாட்டிதான் சொன்னாங்க. "நாலு தடவைக்கு மேல பட்டைய இழுத்துப் பாத்தான்னா அன்னைக்கு ராத்திரி ஆகாது." இந்தப் பிள்ளையயும் திட்டத்துல சேத்தது அப்பத்தான். அவங்களுக்கும் தனியா ஒரு காகிதம் எழுதினோம், அவங்க அடி வாங்காம இருக்கிறதும் இதுல ஒரு பகுதி.

இனி சாவி கதை, இதுல நாங்க ரொம்ப நாள் நின்னோம். தம்பிகிட்ட நேரம் பாத்து, குடிக்காத காலையில, வள்ளம் கெடக்குற எடத்துல பேசினப்ப அவரு சொன்னாரு, "ஸ்கூட்டர் சாவிய நான் எடுத்து வச்சது அவ ராத்திரில கடலுக்குப் போயிருவான்னுதான். ஒரு நாளு போயிருக்கா." உண்மைதான், போயிருக்காங்க, கரை ஓரம் வண்டிய நிறுத்தி விடியிற வரைக்கும் இருந்திருக்காங்க. ஆபத்தான பொருள கைக்கு எட்டாம வைன்னுதான் நாமளும் சொல்லிக் குடுக்குறோம், அப்ப சாவிய எடுத்து வச்சது சரிதானே? ஆனா அதே சாவிதான் கள்ளக்கடல் வந்தா தப்பிக்கிற ஒரே வழி, வேலைக்குப் போற வழி, தம்பி அடிக்க வந்தா வெளிய போற வழி. எங்க குழுவுலயே ரெண்டு கட்சி ஆச்சு. நான் கடைசில அக்காகிட்டயே கேட்டேன். மாத்திரை டப்பாவ அவங்களே பக்கத்து வீட்டுக்குக் குடுத்துட்டாங்க, அங்கேர்ந்து நாலு நாளைக்கு ஒருக்க வாங்கிக்கிடலாம்னு. சாவிய குடுக்க மாட்டேன்னுட்டாங்க. "சாவி போனா நான் மறுபடி யாரு தூக்குவான்னு பாத்துட்டு இருக்கணும், அதுக்கு எனக்கு சாவே தேவல"ன்னாங்க. அதோட வாதம் முடிஞ்சுது. சாவி அவங்க கழுத்துல செபமாலையோட தொங்குது. அதுக்குப் பதிலா மோசமான ராத்திரியில பக்கத்து வீட்டுப் பொண்ணு வந்து கூடப் படுத்துக்கும், வண்டிய எடுக்கத் தோணினா மொதல்ல அந்தப் பொண்ண எழுப்பணும்னு அவங்களே ஒரு வரி சேத்தாங்க. எனக்கு ரெண்டு வாரம் ஒறக்கம் வரல, அத மறைக்கல.

இருபது வருஷமா இவங்க பாதுகாப்பு முழுக்க அடுத்தவங்க கையில இருந்திருக்கு, யாரு தூக்கினாலும், யாரு தூக்கிப் பரண்ல போட்டாலும். திட்டம்னு நாங்க எழுதினதுல நல்லதுன்னு ஏதாவது இருந்தா, ஒவ்வொரு வரிலயும் மொத அசைவு அவங்க கையால நடக்குறதுதான்.

அத சும்மா சொல்லல, நேரம் பாத்து அளந்தோம். காலிப்பர் மாட்டி வாசலுக்கு வர 7 நிமிஷம். மாட்டாம எழைஞ்சு வந்து வண்டியில ஏற 3 நிமிஷம். இந்த ரெண்டு எண்ணையும் பாத்துட்டு அக்கா ரொம்ப நேரம் பேசல. அம்மா அன்னைக்கு மாட்ட முயற்சி பண்ணியே இருக்க வேண்டாம்னு அவங்க மனசுல ஓடியிருக்கும்னு நெனச்சு நானும் பேசல. அப்புறம் அவங்களே சொன்னாங்க, "காலிப்பர் வண்டியில வரட்டும், நான் மாட்டாம போறேன்." பழைய காலிப்பர் ஒண்ண பக்கத்து வீட்டுல வச்சோம், பரண் மேல புதுசு போனாலும் ஒண்ணு இருக்கும். வண்டி எப்பவும் மூக்கு ரோட்டப் பாத்து நிக்கும், பாதி டேங்குக்குக் கீழ பெட்ரோல் போகாது. சீட்டுக்கடியில ஒரு பை, மாற்றுத்திறனாளி அட்டை நகல், பாஸ்புக்கு, மாத்திரை, சார்ஜர், உள்துணி. எச்சரிக்கை நாள்ல ராத்திரிக்குக் காத்திருக்காம சாயங்காலமே இரணியல் பக்கம் சித்தி வீட்டுக்குப் போயிரணும். வாட்ஸாப்புல வர்ற வீடியோவ நம்பக் கூடாது, கோயில் மைக்குல சொன்னாலோ கடைக்கார அண்ணன் போன் பண்ணினாலோதான் எச்சரிக்கை.

யாராவது தூக்கியே ஆகணும்னா எப்பிடித் தூக்கணும்னும் அவங்களே சொல்லி எழுதினோம். முன்னாடி வந்து பேரச் சொல்லு, தூக்கப் போறேன்னு சொல்லு, ஒரு கை முதுகுல ஒரு கை தொடைக்கடியில, முகம் போற பக்கம் பாத்து இருக்கணும், வீட்டப் பாத்து இல்ல. பக்கத்துப் பையங்க நாலு பேர வரச்சொல்லி ஒத்திகை பாத்தோம். மூணாவது ஆளு தூக்குறப்ப அழுதாங்க, நிறுத்தவான்னு கேட்டா வேண்டாம்னாங்க.

போன் எண்ணுங்கள பெரிய எழுத்துல எழுதி ஒட்டினோம், மனசு சம்பந்தமா எந்நேரமும் டெலிமானஸ் 14416, பெண்களுக்கு 181, அவசரம் 112, மாவட்டப் பேரிடர் எண் 1077.

சட்டம் எவ்ளோ தூரம்

அக்காவுக்கு மொதல்ல போலீஸ் வேண்டாம், கேஸ் வேண்டாம். சரின்னு விட்டோம், ஆனா என்னென்ன இருக்குன்னு தெரியாம வேண்டாம்னு சொல்றதுக்கும் தெரிஞ்சு சொல்றதுக்கும் வித்தியாசம் இருக்கு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 92-ஆவது பிரிவு, ஒருத்தரோட உதவி உபகரணத்தப் பயன்படுத்த விடாம பண்றதையே தனிக் குத்தமா வச்சிருக்கு, 6 மாசத்துலேர்ந்து 5 வருஷம் வரைக்கும் செறை, அபராதமும் உண்டு. காலிப்பர பரண்ல போடுறது குடும்பச் சண்ட இல்ல, குத்தம், இத வாசிச்சுக் காட்டினப்ப "இதுக்கெல்லாமா சட்டம் போட்டு வச்சிருக்கு"ன்னு ரெண்டு தடவ கேட்டாங்க. அதே சட்டம் 7-ஆவது பிரிவுப்படி கொடுமை நடந்தா நிர்வாக நடுவர்கிட்ட மனு குடுக்கலாம். 2005 குடும்ப வன்முறைச் சட்டம் புருஷன் பொண்டாட்டிக்கு மட்டும்னு நெறைய பேரு நெனக்கிறாங்க, இல்ல, ஒரே வீட்டுல இருக்க அக்கா தங்கச்சியும் கேக்கலாம், வீட்ட விட்டு வெளிய தள்ளக் கூடாதுன்னும் உத்தரவு வாங்கலாம்.

ஜூலைல காலிப்பர் மறுபடி பரண் ஏறுச்சு. இந்தத் தடவ அக்கா பழைய காலிப்பர வரவழைச்சு மாட்டிட்டு வண்டிய எடுத்து இரணியல் போயிட்டாங்க, அங்கேர்ந்து 181-க்கு அவங்களே போன் பண்ணினாங்க. பாதுகாப்பு அலுவலர் மூலமா அறிக்கை எழுதியாச்சு. அதுல அவங்க கேட்டது ரெண்டே ரெண்டு, காலிப்பரையும் வண்டியையும் யாரும் தொடக் கூடாது, ஏடிஎம் கார்டு திரும்பி வரணும். கார்டு வந்துருச்சு. தம்பி குடிய நிறுத்தல, ஆனா பரண் பக்கம் கை போகல இதுவரைக்கும். அவருக்கும் ஆசாரிபள்ளத்துல ஒரு நாள் டோக்கன் போட்டோம், ஒரு தடவ வந்தாரு, அப்புறம் வரல.

இன்னொண்ணு. பேரிடர் வந்தா சொல்லி அனுப்புறதுக்கு மாவட்டத்துல இருக்க மாற்றுத்திறனாளிங்க விவரத்த மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் வச்சிருக்கணும்னு அதே 2016 சட்டம் 8-ஆவது பிரிவு சொல்லுது. ஒரு திங்கக்கெழம நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸ்ல மனு நாளுக்கு அக்காவே போயி, தன் பேர மட்டும் இல்ல, ஊர்ல இருக்க இன்னும் 11 பேரு பேரயும் எழுதிக் குடுத்துட்டு வந்தாங்க. ஒக்கி புயல் அடிச்ச 2017-ல நாள் கணக்கா கரண்டு இல்லாம கெடந்தப்ப இந்த 11 பேரையும் யாரும் எண்ணிப் பாக்கலன்னு மனுவுல ஒரு வரி, அது நான் எழுதினது இல்ல, அவங்க சொன்னது.

அதுக்கப்புறம்

2024 டிசம்பர் 26, இருபதாவது வருஷம். அந்த நாளு மோசமா இருக்கும்னு தெரியும், ஒரு மாசம் முன்னாடியே அதுக்குத் தனியா எழுதி வச்சோம். இதுவரைக்கும் ஒரு வருஷம்கூட கல்லறைக்குப் போனதில்ல. இந்தத் தடவ போனாங்க, வண்டிய விட்டு எறங்கல, பூச முடியிறதுக்குள்ள திரும்பிட்டாங்க. போனதே போதும்னு டாக்டரும் சொன்னாரு, நானும் அதான் நெனச்சேன். பழைய அதிர்ச்சியால வந்த தொந்தரவுக்குப் பாக்குற சிகிச்சைக்கு இப்ப ரெண்டு வாரத்துக்கு ஒருக்க வர்றாங்க.

2025-ல ஒரு கள்ளக்கடல் எச்சரிக்கை. சாயங்காலம் நாலு மணிக்கு எனக்கு ஒரு மிஸ்டு கால், திரும்பக் கூப்பிட்டா எடுக்கல, நான் பட்ட பாடு. ஏழு மணிக்கு அவங்களே கூப்பிட்டாங்க. "வண்டி ஓட்டிட்டு எப்பிடி பிள்ளே எடுப்பேன்? சித்தி வீட்டுல இருக்கேன், மரச்சீனி அவிச்சிருக்கா." மறுநாள் காலையில கேட்டேன், ஒறங்கினீங்களான்னு. மூணு மணி நேரம் ஒறங்கினாங்களாம். காலிப்பர் எங்க இருந்துச்சுன்னு கேட்டேன். "கட்டில்ல, எனக்க பக்கத்துல. மாட்டல." தொடப் புண்ணு ஆறிப் போச்சு, புதுக் காலிப்பருக்கு அளவு எடுத்தாச்சு.

போன வாரம் திட்டத்த மறுபடி எடுத்துப் பாத்தோம். சாவி விஷயத்துல எழுதின வரிய மாத்தணும், மோசமான ராத்திரில கூடப் படுக்க வர்ற பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கு தை மாசம் கல்யாணம், தூத்தூர் பக்கம் போறா. மாத்திரை டப்பாவும் பழைய காலிப்பரும் அவங்க வீட்டுலதான் இருக்கு. அக்கா மூணு பேரு சொல்லியிருக்காங்க, ஞாயித்துக்கெழம பூசைக்கப்புறம் அவங்க மூணு பேருகிட்டயும் அக்காவே போயி பேசப் போறாங்க.